வாசகர் கேள்விகள்: சின்சின்வார் குலத்தின் ஊரும் வேரும்

கேள்வி: எங்கள் எதிர்வீட்டில் ராஜஸ்தானின் பரத்பூர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று குடியிருக்கிறது. தாங்கள் ஜாட் இனத்தார் என்றும், அதிலும் சின்சின்வார் குலத்தவர் என்றும், கிருஷ்ண பகவானின் வழிவந்தவர்கள் என்றும் அந்த வீட்டுப் பெரியவர் சொல்கிறார். வேறொரு நாள், தம் முன்னோர் ராஜபுத்திரர் என்றார். இவையெல்லாம் எப்படி ஒன்றுக்கொன்று பொருந்தும்? இவற்றில் வரலாறு எது?
(ஒரு வாசகர், சூரமங்கலம்)

பதில்: அந்தப் பெரியவர் வெவ்வேறு கதைகளைச் சொல்லவில்லை, ஒரே கதையின் வெவ்வேறு பகுதிகளைத்தான் சொல்லியிருக்கிறார். ஆங்கிலேயர் காலத்து அரசாங்க விவரச் சுவடிகளிலும் இடம்பெற்றுவிட்ட அந்தக் கதை வருமாறு. பதினோராம் நூற்றாண்டில் பயானா என்னும் ஊரிலிருந்து ஜாதோன் ராஜபுத்திரர்கள் ஆண்டார்கள். அவர்கள் தம்மை யது குலத்தார், அதாவது கண்ணன் பிறந்த குலத்தார், என்று சொல்லிக்கொண்டவர்கள். அந்த மரபில் தகன்பால் என்பவர் தகன்கட் கோட்டையைக் கட்டினார். அவருடைய மூன்றாம் மகன் மதன்பாலின் வழியில் வெகு காலத்துக்குப் பின் பால்சந்த் என்பவர் பிறந்தார். பால்சந்துக்கு மணந்த மனைவியிடம் பிள்ளை இல்லை. அவர் சேர்த்துக்கொண்ட, ஜாட் என்னும் உழவர் சாதியைச் சேர்ந்த ஒரு பெண்ணிடம் பிஜய், சிஜய் என்று இரண்டு ஆண் மக்கள் பிறந்தார்கள். ராஜபுத்திரர்கள் அந்தப் பிள்ளைகளைத் தம் சாதியில் ஏற்கவில்லை. சொந்தக் குலப்பெயர் இல்லாமல் நின்ற அவர்கள், தாம் வாழ்ந்த சின்சினி என்ற ஊரின் பெயரையே குலப்பெயராகக் கொண்டு சின்சின்வார் ஆனார்கள்.

இந்தக் கதையை இரண்டு விதமாகப் படிக்கலாம். முதலாவது, நடந்ததை நடந்தபடி சொல்லும் செய்தியாகப் படிப்பது. அப்படிப் படித்தால் பால்சந்துக்கும் அவருக்கு முந்தையவர்களுக்கும் அக்காலத்துச் சான்று கேட்க வேண்டியிருக்கும். அது நம் கைக்கு வந்து சேரவில்லை. இரண்டாவது, அரசர்களாக உயர்ந்துவிட்ட ஓர் உழவர் குலம் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ள விரும்பிய செய்தியாகப் படிப்பது. நான் இரண்டாவது வழியையே சரியென்று கருதுகிறேன். பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தக் குலம் பரத்பூரில் அரியணை ஏறியது. அக்கம்பக்கத்தில் இருந்த அரசர்கள் எல்லோரும் ராஜபுத்திரர்கள். அவர்களுக்கு நடுவே அமர்ந்தவர்களிடம், உங்கள் பாட்டன் யார் என்ற கேள்வி வந்துகொண்டே இருந்திருக்கும். தந்தை வழியில் யது குலத்து அரச ரத்தம், தாய் வழியில் ஜாட் என்று சொல்லும் இந்தக் கதை அந்தக் கேள்விக்கு விடை தருகிறது. அதே வேளையில் தம்முடன் ஏர் பிடித்த, வாள் பிடித்த உறவினரை விட்டுப் பிரியாமலும் காக்கிறது. இது ஒரு குலத்துக்கு மட்டும் உரியதன்று. பாட்டியாலா, நாபா, ஜிந்த் அரச குடும்பங்கள் தோன்றிய சித்து என்ற ஜாட் குலமும், ஜெய்சல்மேரை ஆண்ட பாட்டி (Bhati) என்னும் ராஜபுத்திரக் கிளையின் வழியில் தன் மூதாதையைக் காட்டுகிறது.

கதையில் என்னை மிகவும் நிறுத்தி வைப்பவர் அந்தத் தாய். தந்தையின் பாட்டன் முப்பாட்டன் பெயர்களையெல்லாம் நினைவில் வைத்திருக்கும் கதை அவளுடைய பெயரைச் சொல்லவில்லை. ஆயினும் அவளுடைய சாதியைத்தான் அந்தக் குலம் முழுவதும் இன்றுவரை தன் சாதியாகச் சொல்லிவருகிறது.

கதைக்குள்ளேயே உறுதியான பகுதி ஒன்று இருக்கிறது, அது ஊர். சின்சினி இன்றும் டீக் நகருக்கு அருகே உள்ள கிராமம். குலத்தின் பெயர் அந்த ஊரிலிருந்து வந்தது என்பதைக் கதையும் ஒப்புக்கொள்கிறது, வரலாறும் ஒப்புக்கொள்கிறது. நம் கொங்குப் பகுதியில் ஒவ்வொரு கூட்டத்துக்கும் காணி என்று ஓர் ஊரும், அங்கே குலதெய்வக் கோயிலும் இருப்பதையும், எங்கே குடிபெயர்ந்தாலும் முடியிறக்கவும் காதுகுத்தவும் அந்தக் கோயிலுக்கே திரும்புவதையும் தாங்கள் அறிவீர்கள். சின்சின்வார்களுக்குச் சின்சினி அப்படிப்பட்ட ஊர். ஆகவே எதிர்வீட்டுப் பெரியவரிடம் கண்ணனைப் பற்றிக் கேட்பதைவிடச் சின்சினியைப் பற்றிக் கேட்டால் அதிகச் செய்தி கிடைக்கும்.

கேள்வி: ஜாட்டுகள் சிவபெருமானின் சடையிலிருந்து பிறந்தவர்கள் என்று ஒரு காணொளியிலும், வெளிநாட்டிலிருந்து வந்த சாகர்கள் என்று மற்றொன்றிலும் சொல்கிறார்கள். கல்லூரிக் கட்டுரைக்கு எதை எழுதலாம்?
(ஒரு மாணவி, ஓமலூர்)

பதில்: சடைக் கதையைக் கதை என்றே குறிப்பிட்டு எழுதலாம். தட்சனுடைய வேள்வியை அழிக்கச் சிவன் தன் சடையிலிருந்து வீரபத்திரனைத் தோற்றுவித்தார் என்ற புராணச் செய்தியோடு ஜாட் என்ற பெயரின் ஓசையை இணைத்துப் பிற்காலத்தில் கட்டப்பட்டது அது. நடு ஆசியாவிலிருந்து வந்த நாடோடி இனமான சாகர்களே ஜாட்டுகள் என்ற கருத்து பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜேம்ஸ் டாட், அலெக்சாண்டர் கன்னிங்காம் போன்ற ஆங்கிலேய அதிகாரிகளால் பரவியது. பழைய கிரேக்க, ரோமானிய நூல்களில் வரும் இனப்பெயர்கள் ஜாட் என்பதுபோல் ஒலிக்கின்றன என்பதே அதற்கு முக்கிய ஆதாரமாகக் காட்டப்பட்டது. பெயரின் ஒலி ஒற்றுமையை மட்டும் கொண்டு ஓர் இனத்தின் பிறப்பை நாட்டும் முறையை இன்றைய ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. தாங்களும் ஏற்க வேண்டியதில்லை.

கட்டுரைக்கு உரம் தரக்கூடிய செய்திகள் வேறு இருக்கின்றன. ஜாட்டுகளைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகள் சிந்துப் பகுதியைச் சேர்ந்தவை. அராபியர் அவர்களை ஸுத் என்று எழுதினார்கள். சிந்துவை ஆண்ட சச் என்ற பிராமண அரசர் ஜாட்டுகளுக்கு விதித்த கட்டுப்பாடுகளைப் பிற்காலப் பாரசீக வரலாறு ஒன்று பட்டியலிடுகிறது: அவர்கள் பட்டு உடுத்தக் கூடாது, குதிரைக்குச் சேணம் இடக் கூடாது, தலையிலும் காலிலும் ஏதும் அணியாமல் நடக்க வேண்டும், வெளியே செல்லும்போது நாயை உடன் அழைத்துச் செல்ல வேண்டும். பின்னாளில் அரியணை ஏறிய ஒரு மக்களைப் பற்றிய முதற்குறிப்புகளில் இப்படி ஒன்று இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய அல்பிரூனி, கண்ணனை வளர்த்த நந்தகோபரின் குடும்பத்தையே மாடு மேய்க்கும் ஜாட் குடும்பம் என்று குறிப்பிடுகிறார். ஆக, அவர் காலத்தில் ஜாட் என்றால் கால்நடை வளர்ப்போர் என்ற எண்ணமே நிலவியது.

அதன்பின் மெல்ல மெல்ல அவர்கள் வடக்கே பஞ்சாபுக்கும், அங்கிருந்து கிழக்கே யமுனைக் கரைக்கும் பரவினார்கள். 1525 இல் இந்தியாவுக்குள் நுழைந்த பாபர், மாடுகளையும் எருமைகளையும் கொள்ளையிட மலையிலிருந்தும் காட்டிலிருந்தும் ஜாட்டுகளும் குஜ்ஜர்களும் திரளாக இறங்குவதைத் தம் நினைவுக் குறிப்பில் எரிச்சலோடு எழுதிவைத்தார். ஆனால் அக்பர் காலத்து வரிக் கணக்குகளில், அதாவது 1595 ஐ ஒட்டிய ஆண்டுகளில், பஞ்சாபிலும் டெல்லி வட்டாரத்திலும் பல பர்கானாக்களில், அதாவது வரி வட்டங்களில், நிலவுரிமை உடைய சாதியாக ஜாட்டுகளின் பெயர் பதிவாகியிருக்கிறது. மேய்ப்பர்கள் உழவர்களாக மாறிய இந்த மாற்றத்தில் பாரசீகச் சக்கரம் எனப்படும் நீரிறைக்கும் கருவிக்குப் பெரும் பங்கு உண்டு என்று வரலாற்றாசிரியர் இர்பான் ஹபீப் எடுத்துக்காட்டினார். நம் பக்கத்துக் கவலையில் மாடுகள் முன்னும் பின்னும் நடந்து தோல் பறியால் நீர் இறைக்கும். பாரசீகச் சக்கரத்தில் மாடுகள் வட்டமாகச் சுற்ற, பற்சக்கரங்களின் வழியே ஆற்றல் கடந்து, சங்கிலியில் கோத்த மண்கலயங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இடைவிடாமல் நீரைக் கொட்டும். ஆற்றிலிருந்து விலகிய மேட்டு நிலங்களும் அதனால் வயலாயின.

இன்னொன்றையும் கட்டுரையில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜாட்டுகளில் இந்துக்கள், சீக்கியர்கள், முஸ்லிம்கள் எல்லோரும் உண்டு; பாஜ்வா, சீமா போன்ற ஒரே குலப்பெயர் எல்லையின் இருபுறமும் வெவ்வேறு மதத்தினரிடம் வழங்குகிறது.

கேள்வி: ராணுவத்தில் இருந்தபோது ஜாட் ரெஜிமெண்டைச் சேர்ந்த நண்பர்கள் பரத்பூரின் மண்கோட்டையைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். ஏர் உழுத குலம் எப்படிக் கோட்டை கட்டி ஆளும் குலமானது? மண்ணால் கட்டிய கோட்டையை ஆங்கிலேயரால் பிடிக்க முடியவில்லை என்பது மெய்தானா?
(ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர், ஆத்தூர்)

பதில்: 1805 முற்றுகையைப் பொறுத்தவரை மெய்தான். ஆனால் கோட்டைக்கு வருமுன் தங்கள் முதற் கேள்விக்கு விரிவாக விடை சொல்ல வேண்டும், ஏனெனில் சின்சின்வார் வரலாற்றின் சாரம் அங்கேதான் இருக்கிறது.

அவர்கள் வாழ்ந்த இடம் ஆக்ராவுக்கும் டெல்லிக்கும் நடுவே, நம் பெரியோர் வடமதுரை என்று சொன்ன மதுராவைச் சூழ்ந்த விரஜ பூமி. முகலாயப் பேரரசின் இரு தலைநகரங்களை இணைக்கும் நெடுஞ்சாலை அவர்கள் வயல்வெளியின் ஓரமாகச் சென்றது. வரி தண்டும் அதிகாரியின் கை அவர்கள் கழுத்துக்கு மிக அருகில் இருந்தது. அரசின் செல்வம் வண்டி வண்டியாகக் கண்முன்னே போயிற்று. ஔரங்கசீப் காலத்தில் நிலவரிச் சுமையும், மதுராவில் கோயில்களின்மேல் விழுந்த அடியும் சேர்ந்து பொறுமையை முறித்தன. 1669 இல் திலபத் ஜமீன்தார் கோகுலாவின் தலைமையில் உழவர்கள் கிளர்ந்தார்கள். மதுராவின் பௌஜ்தாரான, அதாவது முகலாயப் படை அதிகாரியான, அப்துன் நபி கான் அந்த ஆண்டு மே மாதத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். கிளர்ச்சி அடக்கப்பட்டு, 1670 இன் தொடக்கத்தில் ஆக்ராவில் கோகுலா கொடூரமாகக் கொல்லப்பட்டார்.

அடுத்துத் தலைமை ஏற்றவர்தான் சின்சினியின் ராஜாராம். அவர் கோகுலாவின் தோல்வியிலிருந்து பாடம் கற்றார் என்பது அவருடைய செயல்களிலிருந்து தெரிகிறது. தம் குலத்தோடு சோகர் என்ற ஊரின் குலத்தையும் சேர்த்துக்கொண்டார். உழவர்களைத் துப்பாக்கி பிடிக்கப் பழக்கினார். காட்டுக்குள் சிறுசிறு மண்கோட்டைகளை எழுப்பி, கொள்ளையில் கிடைத்ததை அங்கே சேர்த்தார். 1688 இல் ஆக்ராவை அடுத்த சிக்கந்திராவில் உள்ள அக்பரின் சமாதியை அவருடைய ஆட்கள் தாக்கினார்கள். அக்பரின் எலும்புகளைத் தோண்டி எரித்தார்கள் என்று இத்தாலியரான மனூச்சி எழுதியிருக்கிறார். கோகுலாவுக்காகப் பழிவாங்கியது என்று இதைக் கொண்டாடுவோர் உண்டு. இறந்தவரின் சமாதியைக் குலைத்த செயலை, அதுவும் அந்த மக்களிடம் பெரும்பாலும் பரிவோடு நடந்துகொண்ட ஓர் அரசரின் சமாதியைக் குலைத்ததை, என்னால் கொண்டாட முடியவில்லை. அந்தச் சினத்துக்குக் காரணம் இருந்ததை மறுக்கவும் இல்லை. அதே ஆண்டு ஜூலையில் ராஜாராம் ஒரு போரில் மாண்டார். 1690 ஜனவரியில் இளவரசர் பீதார் பக்தின் படையும் ஆம்பேர் அரசர் பிஷன்சிங்கின் படையும் சின்சினியைக் கைப்பற்றின.

பிறந்த ஊரை இழந்த பிறகுதான் இந்தக் குலம் வளர்ந்தது என்பது வியப்புக்குரியது. ராஜாராமின் இளவல் சூராமன், தூன் என்ற இடத்தில் புதிய கோட்டையை அமைத்தார். 1707 இல் ஔரங்கசீப்பின் மக்கள் ஜாஜவ் என்ற இடத்தில் அரியணைக்காகப் போரிட்டபோது, அவர் இரு தரப்பின் பாசறைகளையும் சூறையாடினார். வென்ற பகதூர் ஷா அவரைத் தண்டிப்பதற்குப் பதில் மன்சப் என்னும் முகலாய அரசப் பதவி கொடுத்துத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். சில ஆண்டுகளில், டெல்லியிலிருந்து சம்பல் ஆறு வரையிலான அரச சாலையைக் காக்கும் பொறுப்பே சூராமனிடம் வந்தது. சாலையில் கொள்ளையடித்தவரிடமே சாலைக்காவலைக் கொடுத்தார்கள். சுங்கம் என்ற பெயரில் அவர் அதிகமாகவே தண்டினார். 1716 இல் தொடங்கிய தூன் முற்றுகை ஒன்றரை ஆண்டுக்கு மேல் நீண்டும் ஆம்பேர் அரசர் ஜெய்சிங்கால் அதைப் பிடிக்க முடியவில்லை. 1721 இல் குடும்பப் பூசலால் மனமுடைந்து சூராமன் நஞ்சுண்டு இறந்தார். அவருடைய அண்ணன் மகன் பதன்சிங் ஜெய்சிங்கோடு சேர்ந்துகொள்ள, 1722 இல் தூன் வீழ்ந்தது. குலத்தைக் காட்டிக்கொடுத்தார் என்று சிலரும், குலத்துக்கு அரசைப் பெற்றுத் தந்தார் என்று சிலரும் பதன்சிங்கைச் சொல்வார்கள். அவர் ஜெய்சிங்கிடம் பட்டம் பெற்று, டீக் நகரில் கோட்டையும் அரண்மனையும் கட்டி, 1756 வரை ஆண்டார்.

பதன்சிங்கின் மகனாக வளர்ந்த சூரஜ்மல், 1733 இல் சோகரியா என்ற வேறொரு ஜாட் குலத்துத் தலைவரான கேம்கரணிடமிருந்து பரத்பூர் இருந்த இடத்தைக் கைப்பற்றினார். ஒரு காலத்தில் ராஜாராமுக்குத் தோள்கொடுத்த சோகர் ஊராரையே வென்றுதான் சின்சின்வார்கள் தலைநகரம் அமைத்தார்கள் என்பதைக் குலப்பெருமை பேசுவோர் விரைந்து கடந்துவிடுகிறார்கள். வென்றபின் மற்றக் குலங்களோடு பெண் கொண்டு பகையை ஆற்றிக்கொண்டதும் உண்டு. சூரஜ்மலின் பட்டத்தரசி கிஷோரி, ஹோடல் ஊரின் செல்வாக்குள்ள ஜாட் குடும்பத்திலிருந்து வந்தவர். 1761 மூன்றாம் பானிபட் போரில் தோற்றுச் சிதறி ஓடிவந்த மராட்டியருக்குச் சூரஜ்மல் உணவும் உடையும் மருத்துவமும் கொடுத்துக் காத்தார். அவ்வளவுக்கும், போருக்கு முன் அவர் சொன்ன யோசனையைக் கேளாதவர்கள் அவர்கள். அதே ஆண்டில் ஆக்ராக் கோட்டை அவர் கைக்கு வந்தது. 1763 டிசம்பர் 25 அன்று ஹிண்டன் ஆற்றங்கரையில் ரோகில்லா ஆப்கானியத் தலைவர் நஜீபுத்தௌலாவோடு நடந்த போரில் மாண்டார். சின்சினி ஜமீன்தார்களாக இருந்தவர்கள் மூன்றே தலைமுறையில் அடைந்த உயரம் இது.

டீக் அரண்மனைக்குச் செல்லும் வாய்ப்புக் கிடைத்தால், அங்குள்ள மேல்மாடி நீர்த்தேக்கத்தைக் கட்டாயம் பாருங்கள். தேக்கத்தின் சுவரில் வரிசை வரிசையாகத் துளைகள் இருக்கும். ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு குழாய் கீழே ஒரு நீரூற்றுக்குச் செல்லும். திருவிழாவன்று துளைகளின் அடைப்புகளை நீக்கி, வண்ணப்பொடி கட்டிய துணிமூட்டைகளை உள்ளே வைப்பார்கள். கீழே நீரூற்றுகள் வண்ண வண்ணமாகப் பீறிடும். தலைமுறை தலைமுறையாகக் கிணற்று நீரை வயலுக்குத் திருப்பிய உழவர் குலத்துக்கு நீரின் போக்கு கைவந்திருந்தது என்றே அதைப் படிக்கும்போது எனக்குத் தோன்றியது.

இனி மண்கோட்டை. நம் சங்ககிரி போலக் குன்றின்மேல் கல்லால் அடுக்கிய கோட்டை அன்று பரத்பூர், சமவெளியில் நிற்பது. மிகத் தடித்த மண்மதில்கள், அவற்றைச் சுற்றி ஆழமான அகழி. கல்மதிலில் பீரங்கிக் குண்டு பட்டால் கல் பிளந்து சரியும். மண்மதிலில் பட்டால் குண்டு உள்ளே புதைந்துவிடும், மதில் நிற்கும். இடிந்த இடத்தை இரவோடு இரவாக மண்கொண்டு அடைத்துவிடவும் முடியும். 1805 இல் ஆங்கிலேயரோடு போரிட்ட மராட்டியத் தலைவர் ஜஸ்வந்த்ராவ் ஹோல்கருக்கு அடைக்கலம் கொடுத்ததற்காகத் தளபதி லேக் பிரபு பரத்பூரை முற்றுகையிட்டார். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நான்கு முறை மதிலேற முயன்றார்; நான்கும் தோற்றன. மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் அவர் தரப்பில் இறந்தும் காயமுற்றும் வீழ்ந்தார்கள். அந்த ஏப்ரலில் உடன்படிக்கை செய்துகொண்டு முற்றுகை நீங்கியது. அப்போது பரத்பூரை ஆண்டவர் ரஞ்சித்சிங். பஞ்சாபை ஆண்ட ரஞ்சித்சிங் வேறு. ஆனால் கோட்டை என்றுமே பிடிபடவில்லை என்று சொல்வது பிழை. 1826 ஜனவரியில் கோம்பர்மியர் பிரபுவின் படை மதிலுக்கடியில் சுரங்கம் தோண்டி வெடிமருந்து வைத்துத் தகர்த்து உள்ளே நுழைந்தது. சின்சின்வார் அரச மரபு அதற்குப் பிறகும் ஆங்கிலேயரின் மேலாண்மையின்கீழ்த் தொடர்ந்தது. 1948 மார்ச்சில் பரத்பூர், ஆல்வார், தோல்பூர், கரௌலி ஆகியவை சேர்ந்து மத்ஸ்ய ஒன்றியமாயின, அடுத்த ஆண்டு அது ராஜஸ்தானோடு இணைந்தது.

கேள்வி: எங்கள் தெருவில் குடியிருக்கும் ஜாட் பெண் ஒருத்தி, நாங்கள் மாமன் மகளைக் கட்டுவோம் என்று கேட்டதும் காதைப் பொத்திக்கொண்டாள். அவர்களிடம் பெண்ணெடுக்கும் முறை என்ன?
(ஓர் இல்லத்தரசி, அம்மாபேட்டை)

பதில்: அவள் அதிர்ந்ததில் வியப்பில்லை. நமக்குப் பங்காளி முறையில் கொள்வினை கிடையாது. மாமன் மச்சான் முறையில் உண்டு, அதுவும் உரிமையோடு உண்டு. அவர்களோ தந்தையின் குலத்தைத் தவிர்ப்பதோடு தாயின் குலத்தையும் தவிர்க்கிறார்கள்; பழைய வழக்கப்படி தந்தையைப் பெற்ற பாட்டியின் குலத்திலும் பெண்ணெடுப்பதில்லை. நமக்கு முறைப்பெண்ணாகும் மாமன் மகள், அவர்களுக்கு உடன்பிறந்தவள். போதாக்குறைக்கு ஒரே ஊரில் பிறந்தவர்கள் வேறு வேறு குலமாக இருந்தாலும் அண்ணன் தங்கை என்று கருதப்படுவதால், ஊருக்குள்ளேயும் மணமில்லை. ஆனால் கணவனை இழந்த பெண்ணுக்குக் கணவனின் தம்பியையோ உறவினரையோ மணமுடித்து வைக்கும் கரேவா என்ற வழக்கத்தை அவர்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதில் பெண்ணின் விருப்பம் எவ்வளவு, நிலம் குடும்பத்தைவிட்டுப் போகக்கூடாதென்ற கணக்கு எவ்வளவு என்பது தனியே பேச வேண்டியது.

சட்டத்தைப் பொறுத்தவரை ஒரே கோத்திரத்தில் மணப்பதற்கு இருந்த தடை 1946 ஆம் ஆண்டுச் சட்டத்தாலேயே நீங்கிவிட்டது. ஆயினும் காப் எனப்படும் குலப் பஞ்சாயத்துகள் சில இடங்களில் அப்படி மணந்த இளையோரைத் துன்புறுத்தியும் கொன்றும் இருக்கின்றன. வயதுவந்த இருவர் விரும்பி மணப்பதில் தலையிட எந்தப் பஞ்சாயத்துக்கும் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 இல் தெளிவாகத் தீர்ப்பளித்தது. குல வரலாற்றைப் போற்றுகிறவர்கள் இந்தத் தீர்ப்பையும் சேர்த்தே போற்ற வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: நாங்கள் சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியினர். எங்கள் முன்னோர் காஞ்சியிலிருந்து வந்தார்கள் என்று பாட்டனார் சொல்வார். தாங்கள் மேலே சொல்லும் முறையில் இதையும் பிற்காலக் கதை என்று ஒதுக்கிவிடுவீர்களா?
(ஒரு வாசகர், ஏற்காடு)

பதில்: ஒதுக்க மாட்டேன், சின்சின்வார் கதையையும் நான் ஒதுக்கவில்லை. தங்கள் பாட்டனார் சொன்னதை 1909 இல் வெளிவந்த தர்ஸ்டனின் தொகுப்பும் பதிவுசெய்திருக்கிறது. கரியராமன் என்ற தெய்வம் காஞ்சியை விட்டுப் புறப்பட, பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்ற மூவர் குடும்பத்தோடு பின்தொடர்ந்து வந்து வெவ்வேறு மலைகளில் ஏறினார்கள். மூத்தவர் சேர்வராயனில் தங்கினார். மற்ற இருவரில் யார் கொல்லிமலைக்கு, யார் பச்சைமலைக்கு என்பதில் சொல்வோரிடையே வேறுபாடு உண்டு.

இரண்டு கதைகளையும் அருகருகே வைத்தால் வேற்றுமை புலப்படும். சின்சின்வார் கதை மேலே இருக்கும் ஓர் அரசனை நோக்கி ஏணி வைக்கிறது. தங்கள் கதையோ பக்கவாட்டில் விரிகிறது: எந்த மலைக்காரர் எந்த மலைக்காரருக்கு அண்ணன், யார் தம்பி என்பதையே அது நிலைநாட்டுகிறது. சேலம் நாடு, மோகநாடு, முட்டநாடு என்று மலையைப் பிரித்துக்கொண்டு ஊர்க்கவுண்டர் வைத்து நடத்திய வாழ்க்கைக்கு அந்த உறவுமுறைதான் தேவைப்பட்டது. சமவெளிப் பேச்சுவழக்கோடு நெருங்கிய தமிழைப் பேசுவதும், கவுண்டர் என்ற பட்டமும், கீழிருந்து மேலே வந்தவர்கள் என்ற செய்திக்குத் துணை நிற்கின்றன. காஞ்சி என்ற ஊர்ப்பெயரை எழுத்துச் சான்றால் நாட்ட முடியாவிட்டாலும், வந்தேறிய நினைவு பொய்யாக இருக்க வேண்டியதில்லை. 5,326 அடி உயரத்தில் உள்ள சேர்வராயன் குகைக்கோயிலில் முதுகை வளைத்துத்தான் உள்ளே செல்ல முடியும். அங்கே சேர்வராயனோடு காவிரியம்மனும் இருக்கிறாள். மலையுச்சியில் ஆற்றின் பெயருடைய தெய்வத்தை வைத்து வணங்குவதற்கு என்ன காரணம் சொல்கிறார்கள் என்று மே மாதத் திருவிழாவில் பெரியவர்களிடம் கேட்டு எழுதிவையுங்கள்.

கேள்வி (சூரமங்கலம் வாசகரின் கடிதத்தின் கடைசிப் பகுதி): எதிர்வீட்டுப் பெரியவரின் பேரப்பிள்ளைகள் சேலத்தில் பிறந்து தமிழ் பேசி வளர்கிறார்கள். அவர்களுக்காகத் தம் குடும்ப வரலாற்றை எழுத விரும்புகிறார். எங்கே தொடங்கலாம்?

பதில்: அவருடைய ஊருக்கு ஜாகா என்ற வம்சாவளிக்காரர் வருவது வழக்கமா என்று முதலில் கேளுங்கள். சிவப்புத் துணியால் அட்டையிட்டு நூலால் கட்டிய நீண்ட பேரேட்டில் குடும்பத்தின் பிறப்புகளைத் தலைமுறை தலைமுறையாக எழுதிவருபவர் அவர். அடுத்து ஹரித்வார். அங்குள்ள பண்டாக்கள், அதாவது தீர்த்தப் புரோகிதர்கள், ஊர்வாரியாகவும் சாதிவாரியாகவும் ஏடுகள் வைத்திருக்கிறார்கள். அஸ்தி கரைக்க வந்தவர்கள் தம் கையாலேயே எழுதிய பெயர்களும் ஊர்களும் அவற்றில் கிடைக்கும். ஜாகாவின் ஏட்டில் மேலே போகப் போக அரசர்களும் தேவர்களும் வரத் தொடங்குவார்கள். பண்டாவின் ஏட்டில் வந்துபோன ஆட்கள் மட்டுமே இருப்பார்கள். இரண்டும் ஒத்துப்போகும் தலைமுறை வரை உறுதியாக எழுதலாம். அதற்கு மேல் உள்ளதைக் குலக்கதை என்று தலைப்பிட்டு எழுதலாம். ஆங்கிலேயர் காலத்து நில அளவைப் பதிவேடுகளில் கிராமத்து நிலவுரிமையாளர்களின் வம்சப் பட்டியல்கள் உண்டு. மாவட்டத் தலைநகரின் ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பார்க்கலாம்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, பெரியவரைப் பேசவிட்டுக் கைப்பேசியில் பதிவுசெய்துகொள்ளுங்கள். அவர் தாயாரின் குலம், பாட்டியின் குலம், அவர்கள் பிறந்த ஊர்கள் ஆகியவற்றை மறவாமல் கேளுங்கள். மணத்துக்காக விலக்க வேண்டிய குலங்கள் என்பதால் அவை அவருக்குத் தவறாமல் நினைவிருக்கும், ஏடுகளில் பெரும்பாலும் விடுபட்டிருக்கும்.